எடைப்பாலத்தில் ஒரு கையொப்பம்

பீடோரில் மழை இரண்டு மணிக்கு வரும்.
அதற்குள் லோரிகள் ஏறி இறங்கிவிட வேண்டும்.
அன்று ஏழு லோரிகள்
முச்சந்திச் சீனக்கோயில் வரை நின்றன,
செம்பனைக் குலைகளின் மேல் ஈ மொய்க்க.
நான் டவுனில் மீ கோரேங்கை
முள்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆலையில் எதுவும் பழுதில்லை.
என் கையொப்பம் சாப்பிடப் போயிருந்தது.
அவ்வளவுதான்.

லோகநாயகி என்னைவிட ஆறு வயது மூத்தவர்.
பதினோரு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்.
டயர் நசுங்கும் சத்தத்திலேயே
எத்தனை டன் என்பார்.
சென்ற ஆண்டே அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன்.
கூட்டம் போட்டு அறிவித்தேன், கைதட்டினார்கள்,
பிஸ்கட்டும் இருந்தது.

ஒப்படைத்தது என்னவென்றால்
பேரேடு, ரப்பர் முத்திரை, திட்டு வாங்கும் உரிமை.
‘சரி’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
சாவியைக் கொடுத்துவிட்டுக்
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி.

அரைமணிக்கு ஒரு போன்.
“ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்.”
அந்தச் சும்மாவை
ஒருநாள் பாலத்தில் ஏற்றி
எடை பார்த்திருக்கலாம்.

ஈப்போவில் இரண்டு நாள் பயிற்சிக்கும் போனேன்.
மஞ்சள் தாளில் ‘நம்பிக்கை’ என்று எழுதிச்
சுவரில் ஒட்டச் சொன்னார்கள்.
மதியத்துக்குள் ஏர்கோன் காற்றில்
அது விழுந்துவிட்டது.

பிறகு சிறுநீரகத்தில் கல்.
தெலுக் இந்தான் மருத்துவமனை, சன்னலோரக் கட்டில்.
இரண்டாம் நாள் ஆ ஹொக் அழைத்தார்,
மலாயில் கத்தினார்:
உன் அக்கா என் பழத்தைக் காய் என்கிறாள்,
ஐந்து விழுக்காடு வெட்டிவிட்டாள்,
நீ ஒரு வார்த்தை சொல்.

நானென்றால் மூன்றில் முடித்திருப்பேன்.
அவருடைய லோரித் தவணை எனக்குத் தெரியும்,
மகளின் திருமணம் தெரியும்.
மூன்று என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.
குளுக்கோஸ் பாட்டிலில்
சொட்டு விழுவதைப் பார்த்தேன்.
இன்னொன்று.
“அவங்ககிட்டயே பேசுங்க ஹொக்,
அங்க அவங்கதான்.”

வைத்த பிறகு வலித்தது.
கல் இல்லை அது.

ஆ ஹொக் இரண்டு வாரம் தாப்பா ஆலைக்குப் போனார்.
நூற்றுப்பத்து டன்.
தலைமையகம் ஒரே வரியில் கேட்டது:
யாருடைய முடிவு?

இந்த இடத்தில்தான் ஆட்காட்டி விரல் தானாக நீளும்.
எனக்கும் நீண்டிருக்கிறது, முன்பு இருமுறை.
‘எங்கள் முடிவு’ என்று தட்டினேன்.
அழித்து ‘என்’ என்றேன்.
அது வேறொரு திருட்டு.
மறுபடியும் ‘எங்கள்’. அனுப்பினேன்.

லோகநாயகி செய்தது சரியா,
இன்றும் எனக்குத் தெரியாது.
நாலு சரியாக இருந்திருக்கலாம்.
நான் கேட்கவில்லை. அவரே ஒருநாள்,
“அன்னிக்கு அந்தக் குலையில ஒரு பழம்கூட உதிரல சார்”
என்றார்,
வானிலை சொல்வது போல.
ஆ ஹொக்கும் திரும்பி வந்தார்,
பழுத்த குலைகளோடு என்று சொல்ல ஆசை.
பாதிதான் பழுத்திருந்தன.

இப்போது பிற்பகலில் எனக்குக் கை காலி.
முதல் வாரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன்.
அடுத்த வாரம் கொதிகலன் அறிக்கைகளைப் பிரித்தேன்,
மார்ச்சிலிருந்து பிரிக்காதவை.
கீழ்ப்பற்றில் விரிசல் என்று
ரிஸ்வான் மூன்று முறை எழுதியிருந்தான்,
மூன்றாவதை அடிக்கோடிட்டு.
ஏழு லோரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு
இதைப் படிக்க நேரமிருக்கவில்லை.

இன்று மழை இரண்டேகாலுக்கு வந்தது.
முற்றத்தில் ஒரு லோரியும் இல்லை.
லோகநாயகி கதவில் தலையை நீட்டினார்.
“உங்க பேனா போன வாரத்துலேர்ந்து
எங்கிட்டதான் இருக்கு சார்.
தேடுனீங்களா?”

தேடவில்லை.